பாத நலமும் நாட்டின் உழைப்புத் திறனும்

உடல் உழைப்பையே மூலதனமாகக் கொண்டு வாழும் மக்கள் பெருந்தொகையினராக உள்ள நாட்டில், உழைப்போரின் உடல்நலம் பொருளாதார வளர்ச்சியின் அடிப்படைக் கூறுகளுள் ஒன்றாகும். 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 11.88 கோடிப் பேர் பயிரிடுவோராகவும், 14.43 கோடிப் பேர் விவசாயத் தொழிலாளராகவும் இருந்தனர். கட்டடத் தொழிலாளர், சுமை தூக்குவோர், தெரு வணிகர், நெசவாளர், பேருந்து நடத்துநர், செவிலியர், போக்குவரத்துக் காவலர் ஆகியோரையும் இவர்களோடு சேர்த்து நோக்கினால், நாள் முழுவதும் நின்றும் நடந்தும் பிழைப்போரின் தொகை எத்துணைப் பெரிது என்பது விளங்கும். இவர்கள் அனைவருக்கும் பொதுவான தொழிற்கருவி ஒன்று உண்டு. அதுவே பாதம்.

இருப்பினும், உடலுறுப்புகளுள் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் பாதமே. கண்ணுக்கும் பல்லுக்கும் அரசு மருத்துவமனைகளில் தனிப்பிரிவுகள் உள்ளன. பாதத்துக்கெனத் தனிப்பிரிவு கொண்டவை மிகச் சிலவே. காலில் ஏற்படும் வெடிப்பையும் புண்ணையும் நோய் என்று கருதி மருத்துவரிடம் செல்வோர் குறைவு. வேலைக்குப் போக முடியாத நிலை வந்த பின்னரே பலர் சிகிச்சையை நாடுகின்றனர். அதற்குள் சில ரூபாயில் தீர்ந்திருக்க வேண்டிய நோய், குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தும் நோயாக வளர்ந்துவிடுகிறது. பாதத்தில் பொதுவாகத் தோன்றும் நோய்கள், அவற்றுக்குரிய சிகிச்சை, அவற்றைத் தடுப்பதில் நாடு பெற்றுள்ள அனுபவம் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாதத்தின் அமைப்பு

ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. நூற்றுக்கு மேற்பட்ட தசைகளும் தசைநாண்களும் இணைப்பு நார்களும் இவற்றைப் பிணைத்து இயக்குகின்றன. பாதத்தின் உட்பகுதி வில் போன்று வளைந்திருப்பதால், நடக்கும்போது தரை தரும் அதிர்ச்சியை அது தாங்கிக்கொள்கிறது. உள்ளங்காலின் தோல் உடலின் ஏனைய பகுதிகளில் உள்ள தோலைவிடத் தடிப்பானது; அதில் எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. எனவே அது எளிதில் வறண்டு வெடிக்கும் இயல்புடையது. இதயத்திலிருந்து மிகத் தொலைவில் இருப்பதால், இரத்த ஓட்டம் குன்றும்போது முதலில் பாதிப்புக்கு உள்ளாவதும் பாதமே. அவ்வாறே மிக நீண்ட நரம்புகள் சென்று முடியும் இடமும் அதுவே. பாத நோய்கள் பலவற்றின் காரணங்களை இந்த இயல்புகளில் காணலாம்.

தோலில் தோன்றும் நோய்கள்

கால் விரல்களின் இடுக்குகளில் ஈரம் தங்குவதால் ஏற்படுவது சேற்றுப்புண். நெல் வயலில் நாற்று நடுவோர், சலவைத் தொழிலாளர், மீன் சந்தைகளில் பணிபுரிவோர், நாள் முழுவதும் மூடிய காலணி அணிவோர் ஆகியோரிடையே இது மிகுதி. ஈரத்தில் ஊறி வெளுத்த தோலில் பூஞ்சைக் கிருமிகள் பற்றிக்கொள்ள, அரிப்பும் வெடிப்பும் துர்நாற்றமும் உண்டாகின்றன. இந்நோய்க்குரிய முதற் சிகிச்சை உலர்த்துதலே. வேலை முடிந்ததும் காலைச் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி ஈரம் போக்க வேண்டும். பின்னர் க்ளோட்ரிமசோல், டெர்பினாஃபின் போன்ற பூஞ்சை எதிர்ப்புக் களிம்பை மருத்துவர் கூறும் காலம் வரை தடவி வர வேண்டும். அரிப்பு நின்றவுடன் களிம்பையும் நிறுத்திவிடுவதாலேயே பலருக்கு நோய் திரும்ப வருகிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. மருந்துக் கடைகளில் சீட்டின்றி வாங்கப்படும் கலவைக் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு சேர்ந்திருக்கும். அது அரிப்பை உடனே தணித்தாலும், பூஞ்சை பரவுவதற்கு இடமளித்து நோயை நீடிக்கச் செய்கிறது. ஸ்டீராய்டு கலந்த மேற்பூச்சுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு அறிவிக்கை செய்ததற்கு இதுவே காரணம்.

குதிகாலில் உண்டாகும் வெடிப்பைப் பித்தவெடிப்பு என மக்கள் அழைக்கின்றனர். பெயரில் பித்தம் இருப்பினும், இதற்குக் காரணம் பித்தம் அன்று. தோல் வறட்சி, வெறுங்காலுடன் நடத்தல், நெடுநேரம் நிற்றல், உடற்பருமன், பின்புறம் திறந்த செருப்பு ஆகியவையே காரணங்கள். உடல் எடையைத் தாங்கும்போது குதிகாலின் கொழுப்புத் திண்டு பக்கவாட்டில் விரிய, நெகிழ்வற்ற தடித்த தோல் பிளக்கிறது. இரவில் 10 அல்லது 15 நிமிடம் காலை வெதுவெதுப்பான நீரில் வைத்து, பீர்க்கங்கூட்டினால் மெல்லத் தேய்த்து, ஈரம் முற்றிலும் உலருமுன் வாசலின், தேங்காய் எண்ணெய் அல்லது யூரியா கலந்த களிம்பு தடவி, பருத்திக் காலுறை அணிந்து உறங்கினால் சில வாரங்களில் தோல் மென்மையடையும். இரத்தம் கசியும் ஆழமான பிளவை வெட்டுக்காயமாகவே கருதிச் சிகிச்சை பெற வேண்டும்.

ஆணியும் மருவும் நகமும்

இறுக்கமான காலணியோ எலும்பின் துருத்தலோ தோலின் ஓரிடத்தை இடைவிடாது அழுத்துமாயின், அவ்விடம் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. பரவலாகத் தடித்தால் காய்ப்பு. ஒரு புள்ளியில் கூம்பு போல உட்புறம் இறங்கினால் கால் ஆணி. அழுத்தத்தை நீக்காமல் ஆணியை மட்டும் நீக்கினால் அது மீண்டும் வளரும். எனவே அகன்ற, மெத்தென்ற அடிப்பாகமுள்ள காலணிக்கு மாறுவதே சிகிச்சையின் தொடக்கம். சாலிசிலிக் அமிலம் சேர்ந்த பிளாஸ்திரி தடித்த தோலைக் கரைக்க உதவும். ஆயின் நீரிழிவு நோயாளர்கள் இதனைத் தாமாகவே பயன்படுத்தலாகாது. அமிலம் சுற்றியுள்ள தோலையும் அரித்துப் புண்ணாக்கிவிடும்.

ஆணி போன்றே தோன்றும் மற்றொன்று பாத மரு. இது வைரஸ் கிருமியால் வருவது. ஆணி நேராக அழுத்தும்போது வலிக்கும். மருவோ இருபுறமும் கிள்ளி அழுத்தும்போது மிகுதியாக வலிக்கும். அதன் மேற்பரப்பில் சிறு கரும்புள்ளிகளும் காணப்படும். சவர அலகு கொண்டு இவற்றைத் தாமே அறுத்துக்கொள்ளும் பழக்கம் பரவலாக உள்ளது. மரு பரவுவதற்கும், சீழ் வைப்பதற்கும் இப்பழக்கம் வழிவகுக்கிறது.

பெருவிரல் நகத்தின் ஓரம் சதைக்குள் வளர்வது மற்றொரு தொல்லை. நகத்தை வளைவாகவும், மூலைகளை ஆழமாகவும் வெட்டுவதே இதன் முக்கியக் காரணம். கால் நகத்தை நேர்க்கோடாக வெட்டி, மூலைகளைச் சதைக்கு வெளியே விடுதல் வேண்டும். தொடக்க நிலையில் வெதுவெதுப்பான உப்பு நீரில் காலை வைத்தல் பயன் தரும். சீழ் பிடித்து வீங்கிவிட்டால், உணர்விழக்கச் செய்து நக ஓரத்தை நீக்கும் சிறு அறுவை தேவைப்படும். நகமே பூஞ்சையால் மஞ்சளித்துத் தடித்திருப்பின், மேற்பூச்சு பெரும்பாலும் போதாது. மருத்துவரின் மேற்பார்வையில் ஏறத்தாழ 12 வாரங்கள் மாத்திரை உட்கொள்ள நேரிடும். கால் நகம் முழுமையாக வளர ஓராண்டுக்கு மேலாகும் என்பதால், நகம் பழைய தோற்றம் பெறப் பொறுமை வேண்டும்.

ஆணியோ முள்ளோ குத்திய காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவுதலும், ரண ஜன்னித் தடுப்பூசி போடப்பட்டுள்ளதா என உறுதி செய்தலும் இன்றியமையாதவை. சாணம், சுண்ணாம்பு, காப்பித்தூள் முதலியவற்றைக் காயத்தின் மேல் அப்புதல் தீங்கு விளைவிக்கும்.

குதிகால் வலியும் விரல் கோணலும்

காலையில் படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதற் சில அடிகள் குதிகாலில் கடும் வலியைத் தருவதும், நடக்க நடக்க அவ்வலி தணிவதும் நடுத்தர வயதினரிடையே அடிக்கடி காணப்படும் குறை. குதிகாலையும் விரல்களையும் இணைக்கும் உள்ளங்கால் நார்ப்பட்டை, இடைவிடாத பளுவால் நைந்து போவதே இதற்குக் காரணம். எக்ஸ்ரே படத்தில் தெரியும் குதிகால் எலும்பு முனையையே வலிக்குக் காரணமாகப் பலர் கருதி அஞ்சுகின்றனர். வலி சிறிதும் இல்லாத பலருக்கும் அந்த முனை இருப்பதுண்டு. கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நாள்தோறும் நீட்டி மடக்கும் பயிற்சி, எடைக் குறைப்பு, மெத்தையுள்ள காலணி, வெறும் சிமென்டுத் தரையில் நெடுநேரம் நிற்பதைத் தவிர்த்தல் ஆகியவற்றால் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் குணமடைகின்றனர். அறுவை சிகிச்சை மிகச் சிலருக்கே தேவைப்படுகிறது.

பெருவிரல் மற்ற விரல்களின் பக்கம் சாய்ந்து, அதன் அடிமூட்டு வெளியே துருத்துவது விரல் கோணல். பரம்பரை இயல்பும், முனை குறுகிய காலணியும் இதற்குக் காரணங்கள். முன்புறம் அகன்ற காலணி வலியைக் குறைக்கும். அன்றாட நடைக்கே இடையூறு நேர்ந்தால் அறுவை மூலம் எலும்பைச் சீர்செய்யலாம். அதே மூட்டு ஓர் இரவில் திடீரெனச் சிவந்து வீங்கித் தொட முடியாதபடி வலித்தால், அது யூரிக் அமிலம் மிகுதியால் வரும் வாதமாக இருக்கக்கூடும். அதற்கு இரத்தப் பரிசோதனையும் மருந்தும் தேவை.

குழந்தைகளின் பாதம்

பிறக்கும் குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஒன்று, பாதம் உட்புறம் மடங்கிய நிலையில் பிறக்கிறது. இந்த வளைபாதத்தை ஊழ்வினையாகக் கருதி விட்டுவிட்ட காலமும் உண்டு. பொன்செட்டி என்னும் மருத்துவர் வகுத்த முறையில், பிறந்த சில வாரங்களிலேயே பாதத்தை வாரந்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பி மாவுக்கட்டு இடுகின்றனர். வழக்கமாக 5 முதல் 7 கட்டுகளில் பாதம் நேராகிறது. பின்னர் பலருக்குக் குதிகால் நாணில் ஒரு சிறு வெட்டும், ஏறத்தாழ 4 வயது வரை உறங்கும் நேரத்தில் அணியத் தனிக் காலணியும் தேவைப்படுகின்றன. 2013-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறப்பிலேயே கண்டறிய வேண்டிய குறைகளின் பட்டியலில் வளைபாதமும் இடம் பெற்றுள்ளது. இச்சிகிச்சையில் பெரும்பாலான தோல்விகள் காலணி அணிவதைக் குடும்பத்தார் இடையில் நிறுத்துவதாலேயே நேர்கின்றன. எனவே மருத்துவமனையின் பணி மாவுக்கட்டுடன் முடிவதில்லை. வீடு தேடிச் செல்லும் சுகாதாரப் பணியாளரின் பங்கும் அதில் உண்டு.

தட்டைப் பாதம் பற்றிய அச்சமும் பெற்றோரிடையே உண்டு. சிறு குழந்தைகளின் பாதம் தட்டையாக இருப்பது இயல்பே. வளர வளர வளைவு உருவாகிறது. 1992-ஆம் ஆண்டில் வெளியான இந்திய ஆய்வொன்றில் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகள் ஆராயப்பட்டன. காலணி அணியும் குழந்தைகளில் 8.6 சதவீதத்தினருக்கும், அணியாத குழந்தைகளில் 2.8 சதவீதத்தினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. முன்புறம் மூடிய காலணி அணிந்தோரிடமே அது மிகுந்திருந்தது. குழந்தைக்குக் காலணியே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. கொக்கிப்புழுவும் முள்ளும் நிறைந்த மண்ணில் காலணி தேவையே. விரல்கள் அசைய இடம் தரும் திறந்த செருப்பு, இறுக்கமான பூட்சைவிட ஏற்றது என்பதே இவ்வாய்வு தரும் படிப்பினை.

உணர்விழந்த பாதம்

மேற்கூறிய நோய்கள் யாவும் வலி தருவன. வலி இருப்பதாலேயே மனிதன் காலைக் காத்துக்கொள்கிறான். வலியே தோன்றாத பாதம்தான் மிகப் பெரும் ஆபத்துக்கு உள்ளாகிறது.

தொழுநோயில் நரம்புகள் சேதமடைவதால் பாதம் உணர்விழக்கிறது. தொழுநோயாளரின் சதை தானே அழுகி விழுகிறது என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. 1940-களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றத் தொடங்கிய அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவருடைய குழுவினரும் இக்கருத்தை மாற்றினர். உணர்வற்ற காலில் படும் காயங்களும், ஓரிடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமுமே புண்ணுக்கும் உறுப்பிழப்புக்கும் காரணம் என்று அவர்கள் காட்டினர். இக்கண்டுபிடிப்பின் வழியே, மென்மையான நுண்ணறை ரப்பரை அடியிற்கொண்ட செருப்பு உருவாயிற்று. ஆணி அடிக்காமல் ஒட்டியும் தைத்தும் செய்யப்படும் இச்செருப்பு, இன்றும் தொழுநோயாளருக்குத் தேசியத் திட்டத்தின் கீழ் வழங்கப்படுகிறது. 1982-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையின் பயனாக, 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை 2005-ஆம் ஆண்டு இறுதியில் நாடு எட்டியது. ஆயினும் 2022-23-ஆம் ஆண்டில் புதிதாகக் கண்டறியப்பட்டோர் 1 லட்சத்துக்குச் சற்று அதிகமாவர். மருந்து கிருமியைக் கொல்கிறது. இழந்த உணர்வை அது மீட்டுத் தருவதில்லை. ஆகவே நோய் குணமானவரும் தம் பாதத்தை வாழ்நாள் முழுவதும் காக்க வேண்டியவராகிறார்.

தொழுநோயில் கற்ற இப்பாடம், இன்று அதனினும் பன்மடங்கு பெரிய கூட்டத்தினருக்குத் தேவைப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையோர். வயது வந்தோரில் இது 11.4 சதவீதம். நீண்ட நாள் நீரிழிவு நரம்புகளைச் செயலிழக்கச் செய்கிறது. இரத்தக் குழாய்களையும் அடைக்கிறது. செருப்பில் புகுந்த சிறு கல்லோ, வெயிலில் சுட்ட தார்ச்சாலையோ உண்டாக்கிய கொப்புளத்தை நோயாளி உணர்வதில்லை. அது புண்ணாகி, எலும்பைத் தொட்டு, விரலை எடுக்கவும், பின்னர்க் காலையே எடுக்கவும் நேர்கிறது. நீரிழிவினால் நேரும் காலிழப்புகளில் மிகப் பெரும்பாலானவை இவ்வாறு ஒரு சிறு புண்ணிலேயே தொடங்குகின்றன.

இதனைத் தடுக்கும் வழிகள் எளியவை. நாள்தோறும் இரவில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டார் பார்க்கலாம். காலணியை அணியுமுன் உதறி, உள்ளே கைவிட்டுத் துழாவிப் பார்க்க வேண்டும். வெறுங்காலுடன் நடத்தல், சுடுநீரில் காலை வைத்தல், ஆணியைத் தானே வெட்டுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் மருத்துவர் பாதத்தைச் சோதிக்க வேண்டும். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தின் சில இடங்களில் தொட்டு, நோயாளி அதனை உணர்கிறாரா எனக் காணும் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. புண் வந்துவிட்டால், மருந்திட்டுக்கொண்டே நடப்பது பயனற்றது. புண்ணின் மேல் உடல் எடை விழாதவாறு தனிக் கட்டோ காலணியோ இடுவதும், கிருமித் தொற்றையும் இரத்த ஓட்டத்தையும் சோதித்துச் சிகிச்சை அளிப்பதும், சர்க்கரை அளவைக் கட்டுப்படுத்துவதும் ஒருங்கே நிகழ வேண்டும். ஆனால் தினக்கூலி பெறுபவருக்கு ஓய்வு என்பதே மிக விலை உயர்ந்த மருந்தாகும். புண்ணோடு அவர் வேலைக்குச் செல்வதற்கு அறியாமை மட்டுமே காரணம் என்று கொள்வது முறையாகாது.

மண்ணும் நீரும் தரும் நோய்கள்

கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள், மனித மலத்தால் மாசடைந்த ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலில் புகுகின்றன. குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்குகின்றன. தோட்டத் தொழிலாளரின் உழைப்புத் திறன் குன்றுவதற்கு இது நெடுங்காலமாகக் காரணமாக இருந்து வந்துள்ளது. கழிவறையும் காலணியும் இதற்குத் தடுப்பு. அல்பெண்டசோல் மாத்திரை இதற்குச் சிகிச்சை. 2015-ஆம் ஆண்டு முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் இம்மாத்திரை வழங்கப்பட்டு வருகிறது.

யானைக்கால் நோய் கொசுவினால் பரவுவது. தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. நோய் பரவிய மாவட்டங்களில் மக்கள் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை மருந்து அளிக்கும் இயக்கம் 2004-ஆம் ஆண்டிலிருந்து நடைபெற்று வருகிறது. 2018-ஆம் ஆண்டு முதல் சில மாவட்டங்களில் மூன்று மருந்துகள் சேர்த்து வழங்கப்படுகின்றன. ஏற்கெனவே வீங்கிய காலை இம்மருந்து பழைய நிலைக்குக் கொண்டுவராது. எனினும் நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, மடிப்புகளை உலர்த்தி, வெடிப்புகளுக்குக் களிம்பிட்டு, இரவில் காலை உயர்த்தி வைத்தால், காய்ச்சலும் வலியுமாக அடிக்கடி வரும் தாக்குதல்கள் வெகுவாகக் குறைகின்றன. அத்தாக்குதல்களே ஒவ்வொரு முறையும் பல நாள் கூலியைப் பறிப்பவை.

மதுரையின் பெயரைத் தாங்கிய பாத நோயும் உண்டு. முள் குத்திய காயத்தின் வழியே மண்ணிலுள்ள பூஞ்சையோ பாக்டீரியாவோ புகுந்து, பாதத்தை மெல்ல வீங்கச் செய்து, பல துளைகள் வழியே குருணை போன்ற துகள்களை வெளியேற்றும் இந்நோய், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மதுரையில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர்களால் விவரிக்கப்பட்டு, மதுராப் பாதம் எனப் பெயர் பெற்றது. வலி குறைவாக இருப்பதால் நோயாளர் தாமதமாகவே வருகின்றனர். பாக்டீரியாவால் வந்ததாயின் நீண்ட நாள் மருந்தினால் குணப்படுத்தலாம். பூஞ்சையால் வந்ததாயின் மருந்துடன் அறுவையும் தேவைப்படலாம். 2016-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

கினிப்புழு ஒழிப்பு தரும் பாடம்

பாத நோய் ஒன்றை நாடு முற்றிலும் ஒழித்த வரலாறும் உண்டு. நரம்புச்சிலந்தி எனத் தமிழில் வழங்கப்பட்ட கினிப்புழு நோயில், மாசடைந்த நீரில் உள்ள நுண்ணிய நீர்த்தெள்ளின் வழியே புழுவின் குஞ்சுகள் உடலில் புகும். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, ஒரு மீட்டர் வரை நீளமுள்ள பெண் புழு, பெரும்பாலும் பாதத்திலோ கணுக்காலிலோ கொப்புளமாக வெடித்து வெளிவரும். எரிச்சல் தாங்காமல் நோயாளி படிக்கிணற்றில் காலை நனைக்கும்போது, புழு தன் குஞ்சுகளை அந்நீரில் விடும். இதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. வெளிவரும் புழுவை ஒரு குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றி எடுப்பதே பழங்காலம் தொட்டு இருந்து வந்த சிகிச்சை. அதுவரை வாரக்கணக்கில் நோயாளி படுத்துக்கிடக்க வேண்டியதுதான்.

1983-84-ஆம் ஆண்டில் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது, 7 மாநிலங்களில் 12,000-க்கும் மேற்பட்ட கிராமங்களில் ஏறத்தாழ 40,000 நோயாளர் இருந்தனர். கைப்பம்புகள் அமைத்தல், படிக்கிணறுகளை இறங்க இயலாத கிணறுகளாக மாற்றுதல், நீரைத் துணியால் வடிகட்டிக் குடிக்கச் செய்தல், நீர்த்தெள்ளை அழிக்கும் மருந்திடுதல், ஒவ்வொரு நோயாளியையும் தேடிக் கண்டறிதல் ஆகியவையே திட்டத்தின் உறுப்புகள். கடைசி நோயாளி 1996-ஆம் ஆண்டு ஜூலையில் ராஜஸ்தானில் பதிவானார். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை இந்நோய் நீங்கிய நாடாக அறிவித்தது. மருந்தே இல்லாத நோயைக் குடிநீர்ப் பொறியாளரும் கிராமப் பணியாளரும் சேர்ந்து ஒழித்தனர் என்பது திட்டமிடுவோர் மறக்கலாகாத உண்மை.

செயற்கைப் பாதம்

காலை இழந்தவர்க்கு மீண்டும் உழைக்கும் வாய்ப்பை அளித்ததில் ஜெய்ப்பூர் பாதத்தின் பங்கு பெரிது. மேலைநாட்டுச் செயற்கைப் பாதங்கள் பூட்சுக்குள் பொருந்துமாறு அமைந்தவை. அவற்றை அணிந்து சம்மணமிட்டு அமரவோ, குந்தவோ, சேற்றில் இறங்கவோ இயலாது. ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும், கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் 1960-களின் இறுதியில் ரப்பரையும் மரத்தையும் கொண்டு, இயற்கைப் பாதத்தின் வடிவிலேயே ஒன்றை உருவாக்கினர். காலணியின்றியும் அதனைக் கொண்டு வயலில் நடக்கலாம். 1975-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி இதனைக் கட்டணமின்றி வழங்கிப் பரப்பியது. கான்பூரில் 1972-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய அரசின் செயற்கை உறுப்புகள் உற்பத்திக் கழகமும், 1981-ஆம் ஆண்டு முதல் செயல்படும் உதவிக் கருவிகள் வழங்கும் திட்டமும் இத்துறையில் குறிப்பிடத்தக்கவை. பட்டம் பெற்ற மருத்துவரின் அறிவும் பட்டறையில் பயின்ற கைவினைஞரின் திறனும் இணைந்ததே இவ்வெற்றியின் அடிப்படை.

காலணியின் பொருளாதாரம்

உலகக் காலணி உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடத்தில் இருப்பது இந்தியா. எனினும் இந்தியரின் பாதத்துக்கென வகுக்கப்பட்ட அளவுமுறை நெடுங்காலம் இல்லாதிருந்தது. பிரிட்டிஷ் அளவுமுறையே பின்பற்றப்பட்டது. சென்னையில் 1948-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், நாட்டின் பல பகுதிகளிலும் 1 லட்சத்துக்கு மேற்பட்டோரின் பாதங்களை அளந்து ஆராய்ந்தது. இந்தியரின் பாதம் பொதுவாக அகன்றது என்பதும், நீளத்துக்கேற்ற காலணி பலருக்கு அகலத்தில் இறுக்குகிறது என்பதும் தெரியவந்தன. ஆணி, காய்ப்பு, விரல் கோணல் ஆகியவற்றின் மூலகாரணங்களுள் ஒன்று அளவுமுறையிலேயே உள்ளது என்பதை இது உணர்த்துகிறது.

ஓர் எளிய கணக்கைக் கருதலாம். தொழிலாளி ஒருவரின் நாட்கூலி 400 ரூபாய் எனவும், அவர் காலிற் குத்திய ஆணியினால் 10 நாள் வேலை இழக்கிறார் எனவும் கொள்வோம். இழப்பு 4,000 ரூபாய். மருத்துவச் செலவு இதற்குப் புறம்பு. 400 ரூபாய் விலையுள்ள தரமான காலணி ஓராண்டு உழைக்குமெனில், அதன் விலை அவருடைய ஒரு நாள் கூலியே. ஆயினும் பல தொழிலாளர் அதனை வாங்குவதில்லை. இழப்பு வரக்கூடும், விலையோ இன்றே தர வேண்டும். மாதக் கடைசியில் கையிருப்பு இல்லாத குடும்பத்தில், வரக்கூடிய இழப்பைவிட இன்றைய செலவே பெரிதாகத் தோன்றும். நிலக்கரிச் சுரங்கங்களில் பாதுகாப்புக் காலணியை உரிமையாளரே இலவசமாக வழங்க வேண்டுமென விதி செய்யப்பட்டதன் நியாயம் இதுவே. கட்டடப் பணியிலும் வயலிலும் உப்பளத்திலும் உழைக்கும் அமைப்புசாராத் தொழிலாளருக்கு இத்தகைய பாதுகாப்பு நடைமுறையில் எட்டவில்லை.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, 30 வயதுக்கு மேற்பட்டோருக்கு நடத்தப்படும் நீரிழிவுப் பரிசோதனையோடு பாதப் பரிசோதனையும் சேர்க்கப்படுதல் வேண்டும். நைலான் இழை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருத்தல் வேண்டும். இரண்டாவதாக, தொழுநோயாளருக்கு வழங்கப்படும் நுண்ணறை ரப்பர்ச் செருப்பு, உணர்விழந்த பாதமுடைய நீரிழிவு நோயாளருக்கும் கிடைக்கச் செய்தல் வேண்டும். இருவர்க்கும் நோய் வேறாயினும் பாதத்தின் தேவை ஒன்றே. இப்பணியில் உள்ளூர்ச் செருப்புத் தொழிலாளருக்குப் பயிற்சி அளித்தால் அவர்களுக்கும் வருவாய் பெருகும். மூன்றாவதாக, பாதப் புண்ணுக்கு ஓய்வு தேவை என மருத்துவர் சான்றளிக்கும் தினக்கூலித் தொழிலாளருக்கு, அந்நாட்களுக்குரிய உதவித்தொகையை நல வாரியங்கள் வழங்க வழிகாணுதல் வேண்டும். ஓய்வுக்கு வழி செய்யாமல் ஓய்வெடுக்கச் சொல்வது சிகிச்சையாகாது. நான்காவதாக, பள்ளிச் சீருடைக்கான காலணி விதிகளை வகுப்போர், அகன்ற, காற்றோட்டமுள்ள செருப்புக்கும் இடமளித்தல் நலம்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று. ஒரு பாதத்தை வெட்டி எடுத்து, செயற்கைப் பாதம் பொருத்தி, வேலையிழந்த குடும்பத்துக்கு நிவாரணம் அளிப்பதற்கு ஆகும் செலவில், பல நூறு பாதங்களைச் சோதித்துக் காக்க இயலும். சுகாதாரத் திட்டங்களின் பயனை மதிப்பிடும் அலுவலர், மருத்துவமனைப் படுக்கைகளின் எண்ணிக்கையோடு, தம் வட்டாரத்தில் கடந்த ஆண்டு சோதிக்கப்பட்ட பாதங்கள் எத்தனை என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்பாராயின், பல தொழிலாளரின் கால்களும் அவர்களது குடும்பங்களின் வருவாயும் காக்கப்படும்.